சுர்க்கியும் சாம்பலும்: மேட்டூரின் இரண்டு தூள்கள்

பசுமைக் கட்டடம் என்னும் சொற்றொடர் தமிழில் புழங்கத் தொடங்கிச் சில பத்தாண்டுகளே ஆகின்றன. கருத்தரங்குகளிலும் மனை விற்பனை விளம்பரங்களிலும் அது கையாளப்படும் விதத்தைப் பார்த்தால், கழிவுப்பொருளைக் கொண்டு கட்டும் எண்ணமே மேல்நாட்டிலிருந்து அண்மையில் வந்திறங்கியது என்று தோன்றும். அந்த எண்ணத்தைச் சற்றுச் சோதித்துப் பார்க்க மேட்டூரைவிடப் பொருத்தமான ஊர் நமக்குக் கிடைக்காது. சேலம் மாவட்டத்தின் அந்த மேற்கு எல்லையில், காவிரியின் குறுக்கே 1934இல் முடிக்கப்பட்ட அணை நிற்கிறது. அதற்கு அருகிலேயே 1987 முதல் இயங்கிவரும் அனல்மின் நிலையம் நிற்கிறது. அணையின் கலவையில் சுட்ட செங்கல்லின் தூள் உண்டு. அனல்மின் நிலையமோ நாள்தோறும் நிலக்கரிச் சாம்பலைக் கழிக்கிறது. அச்சாம்பலில் ஒரு பகுதி கல்லாகிச் சேலம், நாமக்கல் சமவெளி வீடுகளின் சுவரில் ஏறுகிறது. செந்நிறத் தூளும் சாம்பல்நிறத் தூளும் வேதியியல் நோக்கில் ஒரே குலத்தைச் சேர்ந்தவை. இடைப்பட்ட அரை நூற்றாண்டில் என்ன நடந்தது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

முதலில் சுர்க்கியைப் பற்றி. சிவப்பைக் குறிக்கும் பாரசீகச் சொல்லிலிருந்து பிறந்த பெயர் இது. நம் கொத்தனார்கள் வாயில் அது 'சுருக்கி' ஆகிவிட்டது. இன்று சுருக்கி போடுவது என்றால் மொட்டைமாடியில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி ஓடு பதிப்பதையே பலர் நினைக்கின்றனர். பழைய பொறியாளர்களின் வழக்கில் சுர்க்கி என்றால் சுட்ட களிமண்ணை இடித்துச் சலித்த தூள். மணலுக்குப் பதிலாகவோ மணலோடு சேர்த்தோ சுண்ணாம்பில் கலக்கப்படுவது.

ஏன் கலக்க வேண்டும்? வெறும் சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சித்தான் இறுகும். தடித்த சுவரின் நடுவில் காற்றுப் புகாது. நீருக்கடியில் சொல்லவே வேண்டாம். சுட்ட களிமண்ணில் உள்ள சிலிக்காவும் அலுமினாவும் நீரின் முன்னிலையில் சுண்ணாம்போடு நேரடியாகவே வினைபுரிந்து, கரையாத பிணைப்பொருளாக மாறுகின்றன. காற்றை எதிர்பார்க்காமல் நீருக்குள்ளேயே இறுகும் கலவை இவ்வாறு கிடைத்தது. உரோமர்கள் புத்தியோலி என்ற ஊரின் எரிமலைச் சாம்பலை இதே பணிக்குப் பயன்படுத்தினர். இவ்வகைத் தூள்களுக்கு இன்றுள்ள பொசலானா என்ற பொதுப்பெயர் அந்த ஊரின் பெயரே. மணலோடு மூன்றில் ஒரு பங்கு சுட்ட ஓட்டுத் தூளைச் சேர்த்தால் கலவை மேம்படும் என்று விட்ருவியசு தம் கட்டடக்கலை நூலில் அறிவுரை கூறியிருக்கிறார். எரிமலை இல்லாத நாட்டார்க்கு உடைந்த ஓடே எரிமலை.

நம் சமவெளியிலும் எரிமலை இல்லை. சுண்ணாம்புக்கும் சுக்கான்கல்லைத்தான் பொறுக்கிச் சுட வேண்டியிருந்தது. (சேலத்துக்கு வடக்கே வெளுத்துத் தெரியும் குன்றுகளை ஆங்கிலேயர் 'சுண்ணக் குன்றுகள்' என்று எழுதிவைத்தனர், அவை உண்மையில் மேக்னசைட்டுக் குன்றுகள்.) மாடு கட்டிய கல்லுருளை வட்டப் பள்ளத்தில் சுற்றிச் சுற்றிச் சுண்ணாம்பை அரைத்தது. பழைய காரை வீடுகளின் தளம் எவ்வாறு அமைந்தது என்பதைக் கவனித்தால், கழிவு எங்கே போயிற்று என்பது விளங்கும். மர உத்திரங்களின் மேல் செங்கல்லைக் குத்துவாக்கில் அடுக்குவர். அதன்மேல் உடைந்த செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும். கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்துத் தெளித்துப் பெண்கள் மரக்கட்டையால் நாட்கணக்கில் அடித்து அதை இறுக்குவர். அதற்கும் மேல் தட்டோடு. சூளையில் உடைந்த கல், இடித்த வீட்டின் கல், தூள், துண்டு என எதுவும் தெருவில் கொட்டப்படவில்லை. அதைச் சுற்றுச்சூழல் உணர்வு என்று நாம் இன்று புகழவேண்டியதில்லை. செங்கல் விலையுயர்ந்த பொருளாக இருந்தது, கூலி மலிவாக இருந்தது. சிக்கனத்தின் பாதி அந்தப் பெண்களின் தோள்வலி.

வீட்டளவில் சுர்க்கி உண்மையிலேயே கழிவுப்பொருளாக இருந்தது. பேரணை அளவில் கதை வேறு. 1887 முதல் 1895 வரை பென்னிகுயிக் கட்டிய முல்லைப் பெரியாறு அணை சுண்ணாம்பும் சுர்க்கியும் கலந்த காரையால் எழுந்தது என்பது தமிழ்நாட்டில் பள்ளிப் பிள்ளைகளும் அறிந்த செய்தி. 1911இல் தொடங்கப்பட்ட கிருஷ்ணராஜ சாகர் அணையிலும் சுர்க்கிக் கலவையே. இத்தகைய வேலைகளுக்கு வேண்டிய அளவுக்கு உடைசல் எந்த ஊரிலும் கிடைக்காது. இடித்துத் தூளாக்குவதற்கென்றே களிமண்ணைச் சுட வேண்டியிருந்தது. சிமெண்டு இந்தியாவில் அப்போதுதான் தலைகாட்டியது. 1904இல் சென்னையில் தொடங்கிய முதல் முயற்சி நிலைக்கவில்லை. 1914இல் போர்பந்தரில்தான் தொழில் காலூன்றியது.

மேட்டூர் இந்த இரண்டு காலங்களின் கூட்டுச்சாலையில் நிற்கிறது. மைசூருக்கும் சென்னை மாகாணத்துக்கும் இடையே 1924 பிப்ரவரியில் ஒப்பந்தம் கையெழுத்தாகி, 1925 சூலையில் வேலை தொடங்கியது. வடிவமைத்தவர் கர்னல் எல்லிஸ். 1934 ஆகஸ்டு 21 அன்று ஆளுநர் ஸ்டான்லி திறந்துவைத்தார். நீர்த்தேக்கம் அவர் பெயரையே சுமக்கிறது. 120 அடி நீர், 93.47 டி.எம்.சி. கொள்ளளவு, செலவு ஏறத்தாழ 4 கோடியே 80 லட்சம் ரூபாய் ஆகிய எண்கள் செய்தித்தாள் வாசகர்களுக்கு மனப்பாடம். அதே செய்தித்தாள்களில் கட்டுமானக் கலவையைப் பற்றி ஒருவரி காண்பது அரிது. மேட்டூரில் சிமெண்டு வந்துவிட்டது. ஆயினும் சுர்க்கி போய்விடவில்லை. சிமெண்டோடு சுர்க்கியும் கலக்கப்பட்டது.

இதை வெறும் பணச் சிக்கனம் என்று கொள்வது பாதி உண்மையே. சிமெண்டு நீரோடு சேர்ந்து இறுகும்போது வெப்பத்தை வெளிவிடுகிறது. வீட்டுத் தூணில் அது நமக்குத் தெரியாது. அணையின் வயிற்றுக்குள் அந்த வெப்பம் வெளியேற வழியின்றித் தங்கி, பின்னர் மெல்லக் குளிர்கையில் வெடிப்புகளை உண்டாக்கும். சிமெண்டில் ஒரு பங்கைக் குறைத்து மெதுவாக வினைபுரியும் தூளைச் சேர்த்தால் வெப்பம் தணியும். மேலும் சிமெண்டு இறுகும்போது உபரியாகச் சுண்ணாம்பு விளைகிறது. தூள் அதையும் உண்டு பிணைப்பாக்கிவிடுகிறது. கொத்தனாரின் பழைய கைமுறை புதிய சிமெண்டின் குறையை ஈடுசெய்தது என்று கூறலாம்.

அதன்பின் ஒரு மறதிக் காலம். சங்ககிரியில் சுண்ணாம்புப் பாறை இருந்தது. 1960களில் இந்தியா சிமெண்ட்ஸ் அங்கே ஆலை அமைத்தது. மூட்டை சிமெண்டு ஊருக்கு ஊர் வந்தது. செக்குகள் நின்றன. காரைச்சுவர் பழமையின் அடையாளமாகவும் சிமெண்டுப் பூச்சு வசதியின் அடையாளமாகவும் ஆயின. சிமெண்டோடு எதையேனும் கலப்பது என்றாலே கலப்படம் என்ற பொருள் மக்கள் மனத்தில் வேரூன்றியது. பாலில் தண்ணீரைப் போலச் சிமெண்டில் சாம்பல் என்றனர். இந்த ஐயம் இன்றும் தீரவில்லை. சாம்பல் கலந்த பொசலானா சிமெண்டை இந்தியத் தர நிர்ணயமே வகுத்து, 15 முதல் 35 விழுக்காடு வரை சாம்பலை அனுமதித்திருந்தும், கடையில் "கலக்காத சிமெண்டு இருக்கிறதா" என்று கேட்கும் வீட்டுக்காரரை நாம் பலமுறை கண்டிருக்கிறோம்.

வெளியுலகம் அந்த இடைவெளியில் வேறு திசையில் சென்றது. அமெரிக்காவின் மோன்டானா மாநிலத்தில் 1948 முதல் 1953 வரை கட்டப்பட்ட ஹங்ரி ஹார்ஸ் அணையில் நிலக்கரிச் சாம்பல் பெருமளவில் கலக்கப்பட்டது. உத்தரப் பிரதேசத்தில் 1960களின் தொடக்கத்தில் முடிந்த ரிஹாந்த் அணையிலும் சிமெண்டின் ஒரு பங்குக்குச் சாம்பல் இடப்பட்டது. கொதிகலனில் தூளாக எரியும் நிலக்கரியிலுள்ள களிமண் பகுதி கடும் வெப்பத்தில் உருகி, புகையோடு பறக்கும்போது நுண்ணிய கண்ணாடி உருண்டைகளாக உறைகிறது. அதுவும் ஒருவகையில் சுட்ட களிமண்தான். இடிக்க ஆள் தேவையில்லை, சலிக்க வேண்டியதில்லை. சுர்க்கியின் தம்பி என்று இதனை அழைப்பதில் பிழையில்லை.

தம்பி மேட்டூருக்கு வந்த விதமே வேறு. 1987க்கும் 1990க்கும் இடையில் 210 மெகாவாட் திறனுள்ள நான்கு அலகுகள் இயங்கத் தொடங்கின. 2013இல் 600 மெகாவாட் அலகு ஒன்றும் சேர்ந்தது. முதல் நான்கை மட்டும் எடுத்துக்கொண்டு ஒரு மனக்கணக்குப் போடுவோம். முழுத்திறனில் ஓடினால் ஒருநாளில் ஏறத்தாழ 2 கோடி யூனிட். யூனிட்டுக்கு 700 கிராம் நிலக்கரி என்றால் 14,000 டன். இந்திய நிலக்கரியில் சாம்பல் மிகுதி. நூற்றுக்கு 35 என்று வைத்தாலும் நாளொன்றுக்கு 5,000 டன்னுக்குச் சற்றுக் குறைவாகச் சாம்பல் விழும். பத்து டன் லாரியில் ஏற்றினால் 500 நடை, அதுவும் ஒவ்வொரு நாளும். அக்கம்பக்கத்து நாமக்கல் லாரிகளின் ஊர்தான். எனினும் தினம் 500 லாரிச் சாம்பலை யார் வாங்குவது? தண்ணீரில் கரைத்துக் குழாய்வழியே சாம்பல் குளத்தில் விடுவதே வழக்கமாயிற்று.

இங்கேதான் பழைய சுர்க்கிக்கும் புதிய சாம்பலுக்கும் உள்ள வேறுபாடு வெளிப்படுகிறது. அன்று கட்டுபவன் கழிவைத் தேடிப் போனான். இன்று கழிவு கட்டுபவனைத் தேடி வருகிறது, அதுவும் அரசாணையைக் கையில் பிடித்துக்கொண்டு. மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் 1999 செப்டம்பர் 14 அன்று வெளியிட்ட அறிவிக்கை, அனல்மின் நிலையத்திலிருந்து 50 கிலோமீட்டருக்குள் உள்ள செங்கல் சூளைகள் மண்ணோடு குறைந்தது 25 விழுக்காடு சாம்பலைக் கலக்கவேண்டும் என்றது. மின் நிலையங்கள் பத்தாண்டுகளுக்குச் சாம்பலை விலையின்றித் தரவேண்டும் என்றும் கூறியது. 2003இல் அந்த ஐம்பது நூறாயிற்று. 2016இல் 300. காகிதத்தில் வட்டம் விரிந்துகொண்டே போனது சாம்பல் தீரவில்லை என்பதற்குச் சான்று.

சமவெளிக்கு இதனால் நன்மை இல்லை என்று கூறமாட்டோம். நம் ஊர்ச் செங்கல் ஒன்று ஏறத்தாழ 3 கிலோ எடை. நடுத்தர வீடொன்றுக்கு 20,000 கல் என்றால் 60 டன் சுட்ட மண். அது ஏரி வண்டலிலிருந்தோ வயலின் மேல்மண்ணிலிருந்தோ வந்தாக வேண்டும். காவிரி பாயாத மேட்டு நிலங்களில் ஏரியும் கிணறுமே வாழ்வு. மேல்மண் ஒருமுறை போனால் நம் ஆயுளில் திரும்பாது. சூளைக்கு விறகும் வேண்டும். சாம்பல் கல்லோ சூளையைக் காண்பதில்லை. சாம்பல், சுண்ணாம்பு அல்லது சிமெண்டு, ஜிப்சம், கல்லுடைக்கும் கிரஷரின் தூள் ஆகியவற்றைக் கலந்து அச்சில் அழுத்தி, இரண்டு மூன்று வாரம் நீர் தெளித்து வைத்தால் போதும். கிரஷர் தூளும் ஒரு கழிவே. மோகனூரிலும் வேலூரிலும் ஆற்றுமணல் அள்ளியது போதும் என்றாகிவிட்ட நிலையில், அத்தூளுக்கு இப்படியொரு பயன் கிடைத்தது சிறிய செய்தியன்று.

இந்தக் கலவைமுறையைப் பரப்பியதில் விசாகப்பட்டினத்தைச் சேர்ந்த காளிதாஸ், பானுமதிதாஸ் இணையருக்குப் பெரும்பங்கு உண்டு. சாம்பல், சுண்ணாம்பு, ஜிப்சம் ஆகியவற்றின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து 'ஃபால்-ஜி' என்று பெயரிட்டனர். பெரிய எந்திரமோ உயரழுத்த நீராவியோ இல்லாமல் சிறு முதலீட்டில் கல் செய்ய முடியும் என்று அவர்கள் காட்டிய பின்னரே சாம்பல் கல் சிறுதொழிலாயிற்று. ஓமலூர், சங்ககிரி, திருச்செங்கோடு வட்டாரத்தில் சாலையோரம் அடுக்கிவைக்கப்பட்ட வெளிர்ச்சாம்பல் நிறக் கற்களைப் பார்ப்பவர்க்கு இதன் வீச்சு புரியும்.

குறையும் சொல்லவேண்டும். செங்கல்லை ஒன்றோடொன்று தட்டி ஓசையைக் கேட்டுத் தரத்தை அறிந்த நம் மக்களுக்குச் சாம்பல் கல்லைச் சோதிக்கும் கைமுறை இன்னும் வாய்க்கவில்லை. பிணைப்பொருளைக் குறைத்துக் கிரஷர் தூளைக் கூட்டினாலும், நீர் தெளிக்கும் நாட்களைச் சுருக்கினாலும், புதிதாய் வந்திறங்கும் கல்லின் தோற்றம் மாறுவதில்லை. மூலை உதிரும்போதுதான் தெரியும். கோடைத் தண்ணீர்ப் பஞ்சத்தில் கல்லுக்குத் தெளிக்க நீரில்லை என்பதும் உண்மை. மோசமான கல்லை வாங்கியவர் குற்றத்தைச் சாம்பலின்மேல் சுமத்துவார், செய்தவர்மேல் அன்று. இதற்காகவே தர நிர்ணயம் உண்டு. ஆனால் ஆய்வுக்கூடச் சான்றிதழ் கேட்டு வாங்கும் வீட்டுக்காரர் எத்தனை பேர்?

பெரிய வழக்கு வேறிடத்தில் இருக்கிறது. சாம்பல் கழிவாக இருந்தவரை யாரும் சண்டையிடவில்லை. உலர்ந்த நுண்சாம்பல் சிமெண்டு ஆலைக்கு மதிப்புள்ள மூலப்பொருள் என்று தெளிவானவுடன் அதற்கு விலை பிறந்தது. ஒரு டன் சிமெண்டுக் கட்டியைச் சுடுவதில் முக்கால் டன்னுக்கும் மேலான கரியமில வாயு வெளியாகிறது; அதில் பாதிக்குமேல் சுண்ணாம்புக்கல்லிலிருந்தே வருவதால் எரிபொருளை மாற்றினாலும் தீராது. ஆகவே கட்டியைக் குறைத்துச் சாம்பலைக் கூட்டுவது ஆலைக்கு இலாபம், காற்றுக்கும் நல்லது. மொத்தமாக வாங்கும் ஆலைக்கு உலர்சாம்பலும், வாசலில் காத்திருக்கும் சிறு கல்தொழிலாளிக்கு எஞ்சியதும் என்று ஆனபோது முறையீடுகள் எழுந்தன. 2009ஆம் ஆண்டுத் திருத்தம் விற்பனையை அனுமதித்த கையோடு, உலர்சாம்பலில் குறைந்தது 20 விழுக்காட்டைக் கல், ஓடு செய்வோர்க்கு முன்னுரிமையோடு விலையின்றித் தரவேண்டும் என்று விதித்தது. சிறியவனுக்கு ஒதுக்கீடு இல்லாமல் கழிவுகூடக் கிடைக்காது என்ற நிலை நமக்கு வியப்பளிக்கவில்லை, வருத்தம் அளிக்கிறது.

எல்லாக் கழிவும் இவ்வாறு சுவராகிவிடுவதில்லை. அதே மேட்டூரில் 1965 முதல் மெட்ராஸ் அலுமினியம் ஆலை இயங்கியது. ஏற்காட்டிலும் கொல்லிமலையிலும் வெட்டிய பாக்சைட்டிலிருந்து அலுமினாவைப் பிரித்தபின் எஞ்சுவது செஞ்சேறு. கடுங்காரத் தன்மையுடைய அச்சேற்றைச் செங்கல்லாக்கலாம், சிமெண்டில் இடலாம் என்று உலகெங்கும் ஆய்வுகள் நடந்திருக்கின்றன. விளைகின்ற அளவில் சிறு பகுதிக்கே பயன் கிடைத்தது. 2008இல் ஆலையின் உற்பத்தி நின்றது.

சாம்பலைப் பசுமை என்று அழைப்பதிலும் நமக்குத் தயக்கம் உண்டு. கரி எரிந்து முடிந்தபின் எஞ்சியதைக் குளத்தில் கொட்டுவதைவிடச் சுவரில் வைப்பது மேல், அவ்வளவே. குளத்தில் கிடக்கும் சாம்பல் கோடையில் பறந்து அக்கம்பக்கத்தார் நெஞ்சில் இறங்கும். அதிலுள்ள உலோகக்கூறுகள் நிலத்தடி நீரை நாடும். அதனால் கல்லாக்குவது கடமை. எனினும் அந்தக் கல்லின் பெயரால் கரி எரிப்பு புனிதமாகிவிடாது. இதில் ஒரு விந்தையும் உண்டு. வைகாசி முதல் புரட்டாசி வரை தென்மாவட்டக் காற்றாலைகள் வேகமாகச் சுழலும் காலத்தில் மின்வாரியம் அனல் உற்பத்தியைக் குறைக்கும், சாம்பலும் குறையும். ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்று வீசினால் ஓமலூர்க் கல்பட்டறைக்குச் சரக்கு தட்டும். மின்சாரம் பசுமையாக ஆக, பசுமைக் கல் அரிதாகும்.

2021 டிசம்பர் 31 தேதியிட்ட புதிய அறிவிக்கை, பயன்படுத்தாமல் விட்ட சாம்பலுக்கு டன்னுக்கு 1,000 ரூபாய் இழப்பீடு என்று மின் நிலையங்கள்மேல் விதித்தது. பழைய குளங்களில் தேங்கியுள்ளதையும் பத்தாண்டுகளுக்குள் தீர்க்கவேண்டும் என்றது. அத்தேங்கிய சாம்பல் நனைந்து கட்டிப்பட்டது. நுண்சாம்பலின் வீரியம் அதற்கு இல்லை. சாலைமேட்டுக்கும் பள்ளம் நிரப்பவும் ஆகும். சிமெண்டு ஆலைகள் அதை விரும்புவதில்லை.

அதே வேளையில் சிமெண்டு அறிஞர்கள் சாம்பலுக்கு மாற்றையும் தேடியுள்ளனர். அனல்மின் நிலையங்கள் ஒருநாள் மூடப்படும் என்பதை உணர்ந்து, சுவிட்சர்லாந்தின் லோசான் நகர ஆய்வாளர்களோடு சென்னை, டெல்லி, மும்பை ஐ.ஐ.டி.க்களும் சேர்ந்து உழைத்ததில், சுட்ட களிமண்ணும் சுடாத சுண்ணாம்புக்கல்லும் கலந்த சிமெண்டு உருவாயிற்று. இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2023இல் அதற்கு விதிமுறை வெளியிட்டது. சிமெண்டுக் கட்டிக்கு 1,450 பாகை வெப்பம் வேண்டும்; இக்களிமண்ணுக்கு 700, 800 பாகை போதும். அதற்கு வெகுவாக மேலே போனால் களிமண் படிகமாக இறுகி வினைத்திறனை இழந்துவிடும் என்று ஆய்வுக்கூடங்கள் கண்டறிந்துள்ளன. அதிகம் வெந்து கருகிய கல் சுர்க்கிக்கு ஆகாது என்று கழித்து ஒதுக்கியவர்கள் அந்தக் காலத்துக் கலவை மேஸ்திரிகள்.